ஈரி ஏரியும் பாஸ்பரஸ் கணக்கும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நீர்நிலை மாசு என்றதும் நமக்குச் சாயக்கழிவும் பாதரசமும்தான் நினைவுக்கு வருகின்றன. நான் இன்று பேச எடுத்துக்கொண்டதோ நஞ்சே அல்லாத ஒரு பொருள். பயிருக்கும் நம் எலும்புக்கும் இன்றியமையாத பாஸ்பரஸ், அளவு மீறிச் சேரும்போது ஓர் ஏரியை எப்படி நிலைகுலைக்கும் என்பதை அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே கிடக்கும் ஈரி ஏரியில் தெளிவாகக் காணலாம்.

வட அமெரிக்கப் பேரேரிகள் ஐந்தில் ஆழம் குறைந்தது ஈரி. அதன் மேற்குப் பகுதியின் சராசரி ஆழம் சுமார் 7 மீட்டர்தான். நகரங்களின் கழிவுநீரும், பாஸ்பேட் கலந்த சலவைத்தூளும், வயல்களின் உரமும் பல்லாண்டுகள் அதில் சேர்ந்தன, பாசி பெருகியது. பாசி பெருகினால் மீனுக்குத் தீனி கூடுமே என்று நீங்கள் கேட்கலாம். தின்பதற்கு ஆளில்லாத அளவுக்கு வளர்ந்த பாசி மடிந்து அடியில் படிகிறது. அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. கோடையில் வெதுவெதுப்பான மேல்நீர், குளிர்ந்த அடிநீரை மூடிபோல் அடைத்துக்கொண்டு நிற்பதால், செலவான ஆக்சிஜன் மேலிருந்து ஈடுசெய்யப்படுவதில்லை. ஏரியின் நடுப்பகுதியில் அந்த அடிநீர் அடுக்கு மெல்லியது என்பதால் அங்கே தட்டுப்பாடு விரைந்து வருகிறது. ஆக்சிஜன் அற்றபின் நிகழ்வது இன்னும் மோசம்: சேற்றில் இரும்போடு பிணைந்து கிடந்த பழைய பாஸ்பரஸ் விடுபட்டு, மறுபடியும் பாசிக்கே உணவாகிறது. மேற்குப் பகுதியின் சேற்றில் திரளாக வாழ்ந்து மீன்களுக்கு இரையாகிவந்த மேஃபிளைப் பூச்சியின் இளம்புழுக்கள், 1953இல் காற்றடங்கிய ஒரு வெப்பப் பருவத்தில் பெருமளவில் மடிந்தன. அவை மீண்டும் தலைகாட்டியது 1990களில்தான்.

பாசிப் பெருக்கத்துக்குப் பாஸ்பரஸ் காரணமல்ல, கார்பனே காரணம் என்று சலவைத்தூள் தொழில் தரப்பில் அப்போது வாதிட்டார்கள். இதைச் சோதிக்க, கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 226 என்னும் எண்ணால் அறியப்படும் சிற்றேரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்தார்கள். 1973இல் இரு பாதிகளிலும் கார்பனும் நைட்ரஜனும் இட்டு, ஒன்றில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் பெற்ற பாதி மட்டும் பச்சையாயிற்று. அந்தச் சிற்றேரியை வானிலிருந்து எடுத்த படம், எத்தனையோ பக்க அறிக்கைகளால் ஆகாததைச் செய்தது என்பேன். கடலோரங்களில் பெரும்பாலும் நைட்ரஜனே முதற்காரணம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நன்னீரின் முடிவை உப்புநீருக்கு அப்படியே பொருத்த முடியாது.

1972இல் இரு நாடுகளும் பேரேரிகளின் நீர்த்தரம் குறித்து ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. சலவைத்தூளில் பாஸ்பேட் குறைக்கப்பட்டது. கழிவுநீர் நிலையங்கள் மேம்படுத்தப்பட்டன. ஈரிக்கு ஆண்டுக்கு 11,000 டன் பாஸ்பரஸுக்கு மேல் செல்லலாகாது என்று பின்னர் வரம்பும் வகுக்கப்பட்டது. 1980களில் ஏரி தேறத் தொடங்கியது.

ஆயினும் 2014 ஆகஸ்டில், ஈரியிலிருந்து குடிநீர் எடுக்கும் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் ஏறத்தாழ 4 லட்சம் மக்கள் குழாய்நீரைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரிக்கப்பட்டார்கள். ஏரியில் பெருகிய நீலப்பச்சைப் பாசி வெளியிடும் மைக்ரோசிஸ்டின் என்னும் கல்லீரல் நச்சு, சுத்திகரிக்கப்பட்ட நீரிலும் காணப்பட்டது. கொதிக்கவைத்தால் அது அழியாது. நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும்.

தேறிய ஏரி ஏன் மறுபடியும் நோயுற்றது? மொத்தப் பாஸ்பரஸைப் பார்த்தவர்கள், அது எந்த வடிவில் வருகிறது என்பதில் போதிய கவனம் வைக்கவில்லை என்பதே என் கணிப்பு. மண்துகளில் ஒட்டிவரும் பாஸ்பரஸில் ஒரு பகுதியே பாசிக்குக் கிட்டும். கரைந்து வருவதோ கிட்டத்தட்ட முழுவதும் கிட்டும். ஈரியின் மேற்குப் பகுதியில் கலக்கும் மாமி ஆற்றில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து ஏறியது இந்தக் கரைந்த வகைதான். மண்ணரிப்பைத் தடுக்க உழாமல் விதைத்த வயல்களில், மேலே தூவிய உரம் மேல்மண்ணிலேயே தங்கியது. கனமழையில் அது நிலத்தடி வடிகுழாய்கள் வழியே ஆற்றில் இறங்கியது. மண்ணைக் காத்த நல்ல முயற்சி நீருக்குச் சுமையானதை விவசாயியின் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். உரத்தை மண்ணுக்குள் செலுத்துவதும், மழை முன்னறிவிப்பு இருக்கும் நாளில் உரமிடாதிருப்பதும் அவரால் செய்யக்கூடியவையே. ஆனால் அவற்றுக்கு ஆகும் செலவு அவருடையது, பயன் ஏரிக்கு. அமெரிக்கத் தூய நீர்ச் சட்டமோ குழாயிலிருந்து வெளியேறும் கழிவுக்கு அனுமதி கேட்கிறது. வயலில் மழையோடு வழியும் நீருக்குக் கேட்பதில்லை. இந்தச் செலவைப் பொதுப்பணத்திலிருந்து கொடுப்பதா, சட்டத்தால் கட்டாயமாக்குவதா என்பதில்தான் மாமி ஆற்றங்கரையில் இன்று விவாதம் நடக்கிறது.