ஏப்ரல்ல முடியாதுன்னு சொன்ன மனுசன்

எல்லாருக்கும் வணக்கங்க. பின்னாடி வரைக்கும் கேக்குதுங்களா? சரி. இன்னைக்கு ஜூன் 27. 1971 பாகிஸ்தான் சண்டையில நம்ம ராணுவத் தளபதியா இருந்த ஃபீல்ட் மார்ஷல் சாம் மானெக்‌ஷா நம்ம வெலிங்டன் மிலிட்டரி ஆஸ்பத்திரில கண்ண மூடுன நாள், 2008-ல, வயசு 94. பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்காங்க, பாக்கலாம்.

மொதல்ல எங்க வீட்டுக் கதைய சொல்லிடறேன். எங்கப்பா மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல சிப்பாய். 1971 டிசம்பர்ல சண்டை ஆரம்பிச்சப்ப நாங்க அருவங்காட்டுல வாடகை வீட்ல இருந்தோம், அம்மா அடுப்படி ஜன்னல்ல ரேடியோவ வச்சுக்கிட்டு சோறு பொங்கி வழியறதுகூட தெரியாம நிப்பாங்க. சரணடைஞ்சிருங்கன்னு பாகிஸ்தான் படைக்கு மானெக்‌ஷா விட்ட செய்திய ரேடியோல திரும்பத் திரும்ப போட்டாங்க, அம்மாவுக்கு அந்த பேர தவிர ஒண்ணும் புரியாது, ஆனா அந்த பேர் வந்தா அடுப்ப அணைச்சிருவாங்க. 16-ம் தேதி டாக்காவுல சரண்டர். 13 நாள், 93,000 பேர் கைதி. அப்பா பொங்கல் கழிச்சு வீடு வந்து சேந்தார், கை காலெல்லாம் முழுசா.

அந்த 13 நாளப் பத்தி எல்லாரும் பேசுவாங்க. நான் பேச வந்தது அதே வருஷம் ஏப்ரல் மாசத்தப் பத்தி. கிழக்கு பாகிஸ்தான்ல (இப்ப பங்களாதேஷ்) இருந்து அகதிங்க லட்சக்கணக்குல வந்துட்டு இருந்த நேரம், இந்திரா காந்தி கேபினட்ல வச்சு இவர்கிட்ட உடனே உள்ள போகணும்ங்கறாங்க. இவர் முடியாதுன்னுட்டார். மழைக்காலம் வந்தா அங்க ஆறெல்லாம் கடல் மாதிரி ஆயிரும், ஹிமாலயத்துல பனி உருகி கணவாய் தொறந்துரும் சைனாக்காரன் வந்தா என்ன பண்றது, டாங்க் ரெடியா இல்ல, அறுவடை நேரம் ரயில் வேகன் கிடைக்காது, இப்ப போனா தோல்விதான்னு நேராவே சொன்னார். அதோட ராஜினாமா வேணும்னா தரேன், உடம்பு சரியில்லன்னு எழுதவா மனசு சரியில்லன்னு எழுதவான்னு கேட்டாராம். யோசிச்சுப் பாருங்க, பிரதமர் மூஞ்சிக்கு நேரா! அவசரப்பட்டு ஏப்ரல்லயே அனுப்பியிருந்தா எங்க வீட்டு கேட்டுக்கு ஒரு தந்திதான் வந்திருக்கும்னு அம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டு இருந்தாங்க. எனக்கும் அதேதான் தோணுது.

குண்டு பட்டா எப்படி இருக்கும்னு தெரிஞ்ச மனுசன்ங்க அவர். 1942 பிப்ரவரி, பர்மா, சிட்டாங் பாலம், எதிர்ல ஜப்பான்காரன். மெஷின் கன் வயித்துலயே எறங்கிருச்சு, குடல் ஈரல் கிட்னி எதுவும் பாக்கி இல்ல. குண்டு ஒன்பதுன்னும் சொல்வாங்க ஏழுன்னும் சொல்வாங்க, எண்ணிப் பாத்த டாக்டருக்குத்தான் வெளிச்சம். இவர் பொழைக்க மாட்டார்னு நெனச்ச ஜெனரல் கோவன், செத்தவனுக்கு மிலிட்டரி கிராஸ் வீரப் பதக்கம் குடுக்க மாட்டாங்களேன்னு தன் நெஞ்சுல இருந்த அந்த பதக்க ரிப்பன கழட்டி இவருக்கு குத்திவிட்டார். ஆர்டர்லி ஷேர் சிங்தான் தூக்கிட்டு ஓடுனவர். ஆபரேஷன் பண்ணவே யோசிச்ச ஆஸ்திரேலியா டாக்டர் என்னாச்சுன்னு கேக்க, கோவேறு கழுதை எட்டி ஒதச்சிருச்சு டாக்டர்னு சொல்லியிருக்கார். டாக்டர் சிரிச்சுட்டு கத்திய எடுத்தார். அந்த நேரம் வீட்ல சம்சாரம் சில்லு, கல்யாணமாகி மூணு வருஷம் நெறையல, மூத்த பொண்ணுக்கு ரெண்டு வயசு. டாக்காவுக்கு படைய அனுப்பும்போது பசங்ககிட்ட, ஒரு பேகத்த, அதாவது அந்த ஊர் பொம்பளைய பாத்தீங்கன்னா கைய பாக்கெட்டுல விட்டுக்கிட்டு சாமை நெனச்சுக்கோங்கன்னு சொன்னதும் இதே மனுசன்தான், ரெண்டு பொண்ணு பெத்த அப்பன் பேசுற பேச்சு அது. வீராப்பு வசனத்த விட இதுதான் எனக்கு புடிக்கும்.

1971-ல பாகிஸ்தான் அதிபரா இருந்த யாஹியா கானோட பைக் கதை தெரியும்ல? பிரிவினையப்ப 1,000 ரூபாய்க்கு இவரோட பைக்க வாங்கிட்டு காசே தரல, பின்னால பாதி நாட்ட குடுத்து கடன அடைச்சிட்டான்னு இவரே கிண்டலடிப்பார்.

நம்ம ஊர் விஷயத்துக்கு வரேன். தளபதி பதவில இருந்து எறங்கினதும் டெல்லி பாம்பேன்னு எங்க வேணாலும் போயிருக்கலாம், குன்னூருக்கு வந்தார். இத்தனைக்கும் 1962-க்கு முன்னாடி இதே வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ்ல கமாண்டண்டா இருக்கும்போதுதான் தேசத்துக்கு விரோதமா பேசறார்னு இவர் மேல விசாரணை போட்டாங்க. குத்தம் இல்லன்னு முடிஞ்சது, ஆனா அந்த மாசங்கள்ல அந்த குடும்பம் எப்படி தூங்கியிருக்கும்? நானா இருந்தா இந்தப் பக்கம் தலை வச்சுகூட படுத்திருக்க மாட்டேன். அவரும் சில்லும்மாவும் இங்கயே வந்து, வீட்டுக்கு ரஷ்ய ராணுவத் தலைமையகத்தோட பேர, ஸ்தாவ்கான்னு வச்சுகிட்டு, செடி வளத்துக்கிட்டு 28 வருஷம் ஒண்ணா இருந்தாங்க. 2001 பிப்ரவரில அந்தம்மா போயிட்டாங்க. அதுக்கப்புறம் ஏழு வருஷம் தனியா.

ஃபீல்ட் மார்ஷலுக்கு ரிட்டையர்மெண்ட்டே கிடையாது, முழு சம்பளம் தரணும், அந்த பாக்கி கோடி ரூபாய்க்கு மேல 2007-லதான் வந்தது, படுத்த படுக்கையில. (வாட்ஸப்ல கலாம் ஐயா ஆஸ்பத்திரிக்கு வந்த கதை கண்ணு காது வச்சு சுத்துது, அத நான் சொல்லப் போறதில்ல.) சாவுக்கு ஜனாதிபதி வரல, பிரதமர் வரல, ராணுவ மந்திரி வரல, இணை அமைச்சர் ஒருத்தர் வந்தார். இன்னைக்கு நெனச்சாலும் வயிறு எரியுது.

அவர் பார்சி. பார்சிக்காரங்க பொணத்த பெரும்பாலும் தொக்மாலதான், அதாவது பறவைங்க தின்ன விடற கோபுரத்துலதான் வைப்பாங்க, இங்க மலைல அடக்கம்தான். ஊட்டி பார்சி கல்லறையில சில்லும்மா பக்கத்துலயே அவரையும் வச்சாங்க. போட் ஹவுஸுக்கும் ரோஸ் கார்டனுக்கும் வருஷம் பூரா வண்டி வண்டியா போறோம், இந்த ஹால்ல எத்தன பேர் அங்க போயிருக்கீங்க, கைய தூக்குங்க பாப்போம்... நாலு பேர். சரி, வர்ற ஏப்ரல் 3 அவர் பொறந்த நாள், பர்மிஷன் நான் கேட்டு வைக்கிறேன், வேனுக்கு பேர் குடுக்கிறவங்க வெளிய டீ குடிக்கும்போது எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க.