பத்திரம் இல்லை, பேச்சு மட்டும்தான். செல்லுமா?

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் தட்டுகிற சத்தம் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆத்தங்குடியில், தரைக்குப் போடுகிற பூக்கல் செய்கிற ஒரு பட்டறையில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். பட்டறை அண்ணன், "என் மூஞ்சி வேண்டாம் டீச்சர், கையை மட்டும் எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார். அதனால் கை மட்டும் தெரியும். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு: நான் காரைக்குடிப் பக்கம் பி.காம். பிள்ளைகளுக்கு வணிகச் சட்டம் எடுக்கிறேன். வக்கீல் இல்லை. உங்கள் வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலிடம்தான் போக வேண்டும்.

இந்தப் பக்கம் பட்டறை, கடை, மெஸ் வைத்திருக்கிறவர்கள் என்னைப் பார்த்தால் கேட்பது ஒரே கேள்விதான். "பத்திரத்தில் எழுதலை, வாய்ப்பேச்சுதான். செல்லுமா?"

செல்லும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் என்றாலே முத்திரைத் தாளில்தான் எழுத வேண்டும் என்று அதில் எங்கும் பொதுவிதி கிடையாது. 10-ஆவது பிரிவு கேட்பது வேறு. இரண்டு பேரும் மனமொப்பிச் சம்மதித்தார்களா? ஒப்பந்தம் செய்யத் தகுதி உள்ளவர்களா? மறுபயன் இருக்கிறதா, அதாவது ஒன்றுக்கு ஒன்று கைமாறுகிறதா? நோக்கம் சட்டத்துக்கு உட்பட்டதா? சட்டமே செல்லாது என்று ஒதுக்கிய வகையா? இவ்வளவுதான். நிலம், வீடு மாதிரி சிலவற்றுக்கு எழுத்தும் பதிவும் வேண்டும் என்று வேறு சட்டங்கள் சொல்கின்றன. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆனால் ஒப்பந்தம் உண்டாவது ஒன்று, அது கோர்ட்டில் நிற்பது இன்னொன்று. ஊரில் நடக்கிற முக்கால்வாசித் தகராறு இந்த இரண்டையும் ஒன்று என்று நினைப்பதால் வருவது.

சரி, எப்போது உண்டாகிறது? மதுரையில் ஒரு பில்டர் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் கேட்கிறார் என்று வையுங்கள்: "பூக்கல் சதுர அடி என்ன விலை?" அண்ணன் விலையைப் போடுகிறார். இதில் இன்னும் எதுவும் முடியவில்லை. விலை கேட்டார், விலை சொன்னார், அவ்வளவுதான். ஜமைக்காவில் ஒரு நிலத்துக்காக இப்படித் தந்தி போய் வந்த வழக்கு 1893-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. அந்தக் காலத்தில் காலனி நாடுகளுக்குக் கடைசி மேல்முறையீடு அங்கேதான். குறைந்தபட்ச விலையைச் சொன்னதாலேயே விற்க முன்வந்ததாக ஆகாது என்று தீர்ப்பு. தந்தி போய் வாட்ஸ்அப் வந்தாலும் விஷயம் மாறவில்லை.

அப்புறம் பில்டர் எழுதுகிறார்: "600 சதுர அடி வேண்டும், அந்த விலைக்கே." இது முனைவு, அதாவது ஆஃபர். அண்ணன் "சரி" என்று போட்டால் ஏற்பு. ஒப்பந்தம் முடிந்தது. ஆனால் அண்ணன் "சரி, லாரி வாடகை உங்க பொறுப்பு" என்று போட்டால்? பார்க்கச் சம்மதம் மாதிரி இருக்கும். சட்டத்தில் அது ஏற்பு இல்லை, புது முனைவு. ஏற்பு நிபந்தனை இல்லாமல், முழுசாக இருக்க வேண்டும் என்கிறது 7-ஆவது பிரிவு. இப்போது பந்து பில்டர் பக்கம். அவர் மெசேஜைப் பார்த்துவிட்டார், இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இல்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வண்டியை ஏற்றிவிடாதீர்கள். "நாளைக்குள் பதில் இல்லையென்றால் சம்மதம் என்று வைத்துக்கொள்வேன்" என்று நாமே எழுதி அனுப்பினாலும் அவர் தலையில் அதைக் கட்ட முடியாது.

போனில் பேசி முடித்தால் ஒப்பந்தம் எந்த ஊரில் உண்டானது? சும்மா கேட்கிற கேள்வி இல்லை, எந்தக் கோர்ட்டுக்கு அலைவது என்பது இதில் இருக்கிறது. அகமதாபாத்தில் இருந்து ஒருவர் போன் போட்டுப் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு கேட்டார், காம்காவ்ன் வியாபாரி ஒத்துக்கொண்டார். சரக்கு வரவில்லை என்று வழக்கு. 1965-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: சம்மதம் எந்த ஊரில் காதில் விழுந்ததோ அந்த ஊரில்தான் ஒப்பந்தம் உண்டானது. அகமதாபாத். அந்தக் கணக்கில் மதுரைக்காரர் கேட்டு ஆத்தங்குடிக்காரர் சரி என்றால், மதுரை. "தாவா காரைக்குடி கோர்ட்டுக்கு உட்பட்டது" என்று பில்லில் அச்சடித்து வைத்திருக்கிறீர்கள், தெரியும். பில் சரக்கோடு போகிறது, பேச்சு அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அந்த வரியை விலை பேசும்போதே அனுப்பிவிடுங்கள்.

இப்போது அண்ணன் கையைப் பாருங்கள். கீழே கண்ணாடி, அதன் மேல் சட்டகம், சட்டகத்துக்குள் பூ அச்சு. ஒவ்வொரு அறையிலும் ஒரு வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றுகிறார். இதோ, அச்சைத் தூக்குகிறார். வண்ணம் ஒன்றோடு ஒன்று லேசாக ஒட்டி நிற்கிறது, கலங்கவில்லை. மேலே உலர்ந்த சிமெண்ட்டும் மணலும் தூவி, அதன் மேல் ஈரச் சாந்து போட்டு மட்டம் பண்ணுகிறார். பிறகு தொட்டித் தண்ணீரில் சில நாள் கிடக்கும், வெளியே எடுத்துக் காயவைத்தால் கண்ணாடி கழன்று வந்துவிடும். சூளையும் இல்லை, மிஷினும் இல்லை. அதனால் நேற்று ஊற்றிய பச்சையும் இன்று ஊற்றிய பச்சையும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. ஆத்தங்குடிக் கல்லின் அழகே அதுதான். வழக்கு வருவதும் அதனால்தான்.

"பச்சைப் பூக்கல் 600 அடி" என்று ஆர்டர் எடுத்தால், வாங்குகிறவர் மனதில் இருக்கிற பச்சை எது? இரண்டு பேரும் ஒரே பொருளை ஒரே அர்த்தத்தில் ஒத்துக்கொள்வதுதான் சம்மதம் என்கிறது 13-ஆவது பிரிவு. 29-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், அர்த்தம் நிச்சயம் இல்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதற்குச் சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. 'நூறு டன் எண்ணெய்' விற்கிறேன் என்று ஒருவன் ஒத்துக்கொண்டால், எந்த எண்ணெய் என்று தெரியாததால் செல்லாது. அதே வார்த்தையைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்கிற வியாபாரி சொன்னால் செல்லும், அவன் தொழிலே அர்த்தத்தைச் சொல்லிவிடுகிறது. அண்ணன் ஒரே பச்சை, ஒரே அளவு மட்டும் போடுகிறவராக இருந்தால் தப்பித்துவிடலாம். இங்கே சுவரில் எத்தனை பச்சை மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். மாதிரிக் கல்லைப் போட்டோ எடுத்து அனுப்பி, "கையால் செய்வது, வண்ணத்தில் ஏற்ற இறக்கம் இருக்கும்; வழியில் உடைந்தால் இத்தனை வரை வாங்குகிறவர் பொறுப்பு" என்று இரண்டு வரி எழுதி, அதற்குச் சம்மதம் வாங்கினால் போதும்.

மறுபயன் பற்றிக் கேட்டால் நான் கோயில் கதைதான் சொல்வேன். நம் பக்கம் திருப்பணிக்கு நோட்டு வரும், பெயரும் தொகையும் எழுதுவோம். எழுதியவர் தரவில்லை என்றால் கமிட்டி கோர்ட்டுக்குப் போகலாமா? 1936-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இப்படி ஒன்று வந்தது. வேலை நடந்துகொண்டிருந்த கோயிலுக்கு ஒருவர் பட்டியலில் 125 ரூபாய் எழுதிவிட்டுத் தரவில்லை. அவர் கேட்டுக்கொண்டதால் கமிட்டி எதையும் புதிதாகச் செய்யவில்லை, ஆகவே மறுபயன் இல்லை, வசூலிக்க முடியாது என்று தீர்ப்பு. அதற்கு முன்னால் 1886-இல் ஹவுரா நகர மண்டபத்துக்கு 100 ரூபாய் எழுதியவரை, கொடுத்தே ஆக வேண்டும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அங்கே பட்டியலை நம்பித்தான் காண்டிராக்டரிடம் வேலையே ஒப்படைத்தார்கள், அது எழுதியவருக்கும் தெரியும். சாமிக்கு எழுதியதைக் கொடுக்காமல் இருப்பது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். கோர்ட் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

வயது பற்றி ஒரு வார்த்தை. பதினெட்டு ஆகாத பையன் கையெழுத்துப் போட்டால் அது ஆரம்பத்திலேயே செல்லாது. 1903-இல் பிரிவி கவுன்சில் உறுதியாகச் சொல்லிவிட்டது. "பையன் விவரமானவன்" என்பதெல்லாம் எடுபடாது.

மனமொப்பிய சம்மதம் என்றால் என்ன என்பதற்கு 1889-ஆம் வருடத்துச் சென்னை வழக்கு ஒன்று இருக்கிறது. பதின்மூன்று வயது விதவை. புருஷன் உடலை எடுக்க வேண்டுமென்றால் நாங்கள் சொல்கிற பிள்ளையைத் தத்து எடு என்று உறவுக்காரர்கள் மறித்தார்கள். எடுத்தாள். கோர்ட் அந்தத் தத்தை ரத்து செய்தது. கத்தியைக் காட்டினால்தான் கட்டாயம் என்று இல்லை.

அடுத்தது சமையல் மாஸ்டர் விஷயம். செட்டிநாட்டுச் சமையலுக்கு இப்போது எங்கும் கிராக்கி. நல்ல மாஸ்டர் ஓடிவிடக் கூடாது என்று, "வேலையை விட்டால் மூன்று வருடம் காரைக்குடியில் யாருக்கும் சமைக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கி வைக்கிறார்கள். பத்திரம், கையெழுத்து, சாட்சி எல்லாம் பக்கா. ஆனால் 27-ஆவது பிரிவின்படி தொழில் செய்வதைத் தடுக்கிற பேச்சு செல்லாது. வேலையில் இருக்கும்போது வேறு இடத்தில் சமைக்காதே என்று சொல்லலாம், போன பிறகு முடியாது. ஆனால் மெஸ்ஸையே பெயரோடும் குட்வில்லோடும், அதாவது வாடிக்கையாளரிடம் அதற்கு இருக்கிற மதிப்போடும் விற்றால், விற்றவர் பக்கத்திலேயே அதே தொழிலை ஆரம்பிக்கக் கூடாது என்று நியாயமான அளவில் கட்டுப்படுத்தலாம். மாஸ்டரைத் தக்கவைக்க வேண்டுமென்றால் சம்பளத்தை ஏற்றுங்கள், அதுதான் என் கட்சி.

இனி பழைய வீட்டுச் சாமான். இதில்தான் நம் ஊருக்கென்று தனிச் சிக்கல் இருக்கிறது. வெளியூரில் இருந்து ஒருவர் வருகிறார், வளவுத் தூண், அதாவது வீட்டு உள்முற்றத்தைச் சுற்றி நிற்கிற தூண், நான்கு, பர்மா தேக்கு, வேண்டும் என்கிறார். தூண் இன்னும் கட்டிடத்தில் நிற்கிறது. இது அசையாச் சொத்தா, சரக்கா? 1930-ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், கட்டிடத்தில் ஒட்டியிருந்தாலும் பிரித்தெடுத்துத் தருவதாகப் பேசினால் அது சரக்குதான் என்கிறது. ஆகவே பதிவு அலுவலகம் போக வேண்டியதில்லை. முழு வீட்டையும் மனையோடு விற்கிறீர்கள் என்றால் கதையே வேறு. கிரயப் பத்திரம் கட்டாயம் பதிவாக வேண்டும். தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று 2012-இல் திருத்தம் வந்தது.

அதெல்லாம் சரி, தூண் யாருடையது? பங்காளிகள் ஒருத்தர் சென்னையில், ஒருத்தர் மலேசியாவில், ஒருத்தர் எங்கே என்றே தெரியாது. சாவி வைத்திருக்கிறவர் அட்வான்ஸ் வாங்கிவிடுகிறார். தனக்கு இல்லாத உரிமையை ஒருவர் விற்க முடியாது. மற்ற பங்காளிகள் சம்மதித்து அவர் ஒருவர் பொறுப்பில் விட்டிருந்து, வாங்கினவரும் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தால் அதே சரக்கு விற்பனைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு கொஞ்சம் காப்பாற்றும். அதை நம்பி லாரி கொண்டுவராதீர்கள். எல்லாப் பங்காளியிடமும் கையெழுத்தோ, பவர் பத்திரமோ கேளுங்கள். இத்தனைக்கும் எழுதி வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழிலும் வியாபாரமும் பண்ணப் போன ஏஜெண்டுக்கு மூன்று வருடக் கணக்கு, சம்பளம், பொறுப்பு எல்லாம் சம்பளச் சீட்டு என்கிற ஒப்பந்தத்தில் எழுதித்தான் கப்பல் ஏற்றினார்கள். கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்று ஒப்பந்தம் எழுதுகிற ஊர் இது.

கோர்ட்டில் நிற்பது பற்றிக் கடைசியாக. முத்திரைத் தீர்வை குறைந்தால் ஒப்பந்தம் செத்துப்போகாது. தீர்வையும் அபராதமும் கட்டும்வரை சாட்சியமாக எடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் இதைத் தெளிவாக்கிவிட்டார்கள். வாட்ஸ்அப் பேச்சைச் சாட்சியாகக் காட்ட, 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கிற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு கேட்கிற சான்று வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, பழைய போனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான். அதற்குள் பாக்கிக்காரர் "இவ்வளவு தர வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம்.

அண்ணன் மாதிரி உத்யம் பதிவு, அதாவது மத்திய அரசின் சிறுதொழில் பதிவு, உள்ள சிறு உற்பத்தியாளருக்கு இன்னொரு வசதி இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் வருடச் சட்டப்படி, வாங்கினவர் எழுதி ஒத்துக்கொண்டாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. எழுத்தே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி வீதத்தில் மூன்று மடங்கு, அதுவும் கூட்டுவட்டி.

அட்வான்ஸுக்கு வருவோம். அண்ணன் பில்லைக் காட்டுகிறேன், பெயரை மறைத்திருக்கிறேன். "அட்வான்ஸ் திருப்பித் தரப்பட மாட்டாது." பில்டர் பாதியில் வேண்டாம் என்றால், இந்த வரியை வைத்து முழுவதையும் வைத்துக்கொள்ளலாமா? ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, எழுதிய தொகையை உச்சவரம்பாக வைத்துக்கொண்டு நியாயமான இழப்பீடுதான் தரச் சொல்கிறது. 1963-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. விலையில் ஒரு பகுதியாக வாங்கிய அட்வான்ஸை அப்படியே விழுங்க முடியாது. நஷ்டத்தைக் குறைக்க நாமும் முயற்சி செய்திருக்க வேண்டும். அதே கல்லை அடுத்த வாரம் தேவகோட்டைக்காரருக்கு அதே விலையில் விற்றுவிட்டால் இழப்பு எங்கே இருக்கிறது? ஆனால் வீட்டுக்காரர் பெயரின் முதல் எழுத்தைப் பூவுக்குள் வைத்து ஊற்றிய கல் என்றால் அதை வேறு யாரும் வாங்க மாட்டார்கள், அங்கே இழப்பு முழுசு. அதனால் தனி டிசைன் ஆர்டருக்குத் தனி பில் புத்தகம் போடச் சொல்லியிருக்கிறேன், அண்ணன் தலையாட்டிவிட்டார். செக் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள், அடுத்த வீடியோவில் அதை எடுக்கிறேன்.