முதலில் எந்தக் கை ஆடியது?

(வெள்ளவத்தை மண்டபம் ஒன்றில் ஓய்வுபெற்ற நரம்பியல் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம். அழைப்பிதழில் ‘வலிப்பும் நடுக்குவாதமும்: நரம்பியல் ஆராய்ச்சியின் இன்றைய நிலை’ என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்தத் தலைப்பு என்னுடையதல்ல. இன்றைய நிலையைப் பற்றிப் பேசுவதென்றால் மூளைப் படங்கள் காட்டவேண்டும். புரஜெக்டர் வேலை செய்யவில்லை என்று சற்று முன்தான் சொன்னார்கள். எனக்கு அது நல்லதாய்ப் போயிற்று. நான் பேச நினைத்தது ஸ்கேன் இயந்திரத்தைப் பற்றியல்ல. பக்கத்தில் இருந்து பார்த்தவர்களைப் பற்றி.

போன மாதம் 100ஆம் இலக்க பஸ்ஸில் பம்பலப்பிட்டியில் இருந்து வந்துகொண்டிருந்தேன். ஓர் இளைஞர் இருக்கையில் இருந்து சரிந்து விழுந்தார். கை, கால், முகம் எல்லாம் வெட்டி இழுத்தது. ஒருவர் திறப்புக் கோர்வையை அவருடைய கைக்குள் திணித்தார். ஓர் அம்மா பல்லுக்கிடையில் வைக்கக் கரண்டி கேட்டார். பஸ்ஸுக்குள் கரண்டி கிடைக்காதது அந்தப் பிள்ளையின் பாக்கியம். வாய்க்குள் எதையும் வைக்கக்கூடாது; பல்லுத்தான் உடையும். நான் செய்தது மிகக் கொஞ்சம். அவரை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்தேன், தலைக்குக் கீழே என் பையை வைத்தேன், மணிக்கூட்டைப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் ஓய்ந்துவிட்டது. “பாத்தியளோ ஐயா, இரும்பு குடுத்தபடியால்தான் நிண்டது” என்றார் திறப்புக்காரர்.

அவரில் பிழை சொல்லமுடியாது. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தாமாகவே ஓய்கின்றன. அந்த நேரத்தில் யார் கையில் எது இருந்ததோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காவிட்டால் இரும்பைத் தேடாமல் அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

பிறகு நான் பஸ்ஸில் இருந்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன்: முதலில் எந்தக் கை ஆடியது? “எல்லாம் ஒண்டாத்தான் ஆடினது” என்றார்கள். ஐம்பது பேர் இருந்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, நான் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கேள்விக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். லண்டனில் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற வைத்தியர் கேட்டது. அவருடைய மனைவிக்கே உடலின் ஒரு பக்கத்தில் தொடங்கும் வலிப்பு இருந்தது. இழுப்பு பெருவிரலில், அல்லது கடைவாயில், அல்லது கால் பெருவிரலில் தொடங்கி, ஒழுங்குதப்பாமல் மேலே ஏறிப்போவதை ஜாக்சன் கவனித்தார். விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று அது படிப்படியாக நடந்துபோகிறதென்றால், மூளைக்குள்ளும் அந்த உறுப்புகளுக்கான இடங்கள் அதே வரிசையில் அடுத்தடுத்து இருக்கவேண்டும் என்று அவர் ஊகித்தார். மண்டையைத் திறக்காமல், படம் எடுக்காமல், வெறும் கண்ணால் கண்டதை வைத்தே அப்படிச் சொன்னார். 1870இல் ஜேர்மனியில் இரண்டு பேர் நாயின் மூளையில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தபோது அவர் ஊகம் சரிவந்தது.

என்னுடைய பிழை ஒன்றையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். பதினேழு வயதுப் பையன் ஒருவருக்கு வலிப்பென்று கூட்டிவந்தார்கள். காபமசபீன் என்ற வலிப்பு மருந்தை எழுதிக் கொடுத்தேன். குறையவில்லை, அளவைக் கூட்டினேன், இன்னும் மோசமாயிற்று. மாதக்கணக்கில் இப்படியே போனது. ஒருநாள் தகப்பனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று தாயோடு ஒன்பது வயதுத் தங்கச்சி வந்தது. நான் எழுதிக்கொண்டிருக்க, அந்தப் பிள்ளை தன்பாட்டில் சொன்னது: “அண்ணா காலமை தேத்தண்ணிக் கோப்பையை எறிவார். பல்லு மினுக்கேக்க பிரஷும் பறக்கும். அம்மா அவருக்குப் பேசுவா.”

பேனையை வைத்துவிட்டேன். எப்படி எறிவார் என்று காட்டச் சொன்னேன். அந்தப் பிள்ளை தோளை வெடுக்கென்று ஒருமுறை தூக்கிக் காட்டியது, அவ்வளவுதான். நித்திரையால் எழும்பிய கையோடு வருகிற அந்த வெடுக்கைத்தான் டீட்டர் ஜான்ஸ் என்ற ஜேர்மன் நரம்பியலாளர் 1957இல் தனி நோயாகவே விவரித்தார். பதின்ம வயதில் தொடங்கும் இந்த வகைக்குக் காபமசபீன் உதவாது, பலருக்குக் கூட்டிவிடும். நான் நோய்க்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். வல்புரோவேற்றுக்கு மாற்றினேன், நின்றது. பெண்பிள்ளை என்றால் இவ்வளவு சுலபமாக மாற்ற இயலாது. கருவில் இருக்கும் சிசுவை அந்த மருந்து பாதிக்கும். தாய் மட்டும் போகும்போது அழுதார். ஒவ்வொரு நாள் காலையிலும் பேச்சு வாங்கிய பிள்ளை அல்லவா.

எங்கள் நாட்டிலும் இப்படிக் கேட்டு எழுதியவர் ஒருவர் இருந்தார். பேராதனையில் பேராசிரியராக இருந்த நிமல் சேனாநாயக்க. சாப்பிடும்போது மட்டும் சிலருக்கு வலிப்பு வருவதை அவர் கவனித்தார். மேல்நாட்டுப் புத்தகங்களில் அது அபூர்வம். இங்கே தட்டு நிறையச் சோற்றோடு உட்காருகிறவர்களில் அது அவ்வளவு அபூர்வமாக இருக்கவில்லை, சில குடும்பங்களில் பலருக்கு இருந்தது. கடதாசி விளையாடும்போதும் மனக்கணக்குப் போடும்போதும் வருகிற வலிப்பைப் பற்றியும் எழுதினார். முந்நூற்றுநாலு விளையாடி விடிய வைக்கிற ஊர்க்காரர் நாங்கள். ஆனால் “விழுவதற்கு முதல் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?” என்று கேட்டு எழுதிவைக்க அவர் வரவேண்டியிருந்தது.

வலிப்பு அல்லாத ஒரு விஷயத்தையும் சொல்லாமல் போக மனமில்லை. 1977–78 காலத்தில் தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கு மேற்பட்ட இளம்பெண்களுக்குக் கைகால் நரம்பு செயலிழந்தது. அதே லயத்தில் இருந்த அண்ணன் தம்பிமாருக்கு ஒன்றுமில்லை. பெண்பிள்ளைகள் மட்டும், அதுவும் அந்த வயதில் மட்டும், அப்படி என்ன சாப்பிட்டார்கள்? இந்தச் சபையில் இருக்கிற அம்மாமாருக்கு இதற்குள் விடை தெரிந்திருக்கும். பிள்ளை பெரியபிள்ளையானால் நாங்கள் கொடுப்பது நல்லெண்ணெய். அந்த எண்ணெயில் ட்ரைகிரசில் பொஸ்பேற்று என்ற நஞ்சு கலந்திருந்தது. சேனாநாயக்கவும் ஜெயரட்ணமும் அதை 1981இல் ‘லான்செற்’ சஞ்சிகையில் எழுதினார்கள். எங்கள் அடுப்படி வழக்கம் தெரியாத ஒருவர் எத்தனை ஸ்கேன் எடுத்தும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இனி நடுக்குவாதம், பார்க்கின்சன் நோய் என்கிறோமே, அது. ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டன் ஹொக்ஸ்டனில் சாதாரண ஊர் வைத்தியர். அரசாங்கத்துக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் எழுதுவார், உயிர்ச்சுவடுக் கற்கள் சேகரிப்பார். 1817இல் நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். மொத்தம் ஆறு பேர். அதிலும் சிலரைத் தெருவில்தான் கண்டார், ஒருவரைத் தூரத்தில் பார்த்ததோடு சரி. முன்னே சாய்ந்து, சிறு அடியாய் எடுத்துவைத்து, விழுந்துவிடுவார்போல் ஓடும் அந்த நடையைத் தெருவிலேயே படித்துவிட்டார். மரீன் டிரைவில் மாலையில் நடக்கிறவர்களை நீங்களும் பாருங்கள். ஒரு கை வீசி, மற்றக் கை வீசாமல் தொங்கினால் கவனியுங்கள். எல்லாருக்கும் அது பார்க்கின்சன் என்று நான் சொல்லவரவில்லை. தோள்மூட்டு நோவாகவும் இருக்கலாம்.

மருந்தின் கதை எங்கள் பக்கத்துக் கதையும்கூட. பூனைக்காலி தெரியும்தானே, பட்டால் சொறிந்து சாகவேண்டும். அதன் விதையில், இன்று நடுக்குவாதத்துக்குக் கொடுக்கிற லெவோடோபா இருப்பதை 1937இல் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்ற இருவர் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதற்கு என்ன பயன் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. இருபது வருடம் கழித்து சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் என்ற மருந்தை ஏற்றினார். அவை அசைவில்லாமல் துவண்டுபோயின. லெவோடோபா ஏற்ற எழும்பின. ரெசர்பின் எதிலிருந்து வருகிறது? சர்ப்பகந்தா வேரில் இருந்து, அதுவும் எங்கள் மூலிகைதான். 1960இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச் இறந்த நோயாளிகளின் மூளையில், அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற இரசாயனம் வற்றிப்போயிருப்பதைக் கண்டார். லெவோடோபா மூளைக்குள் போய் அந்த டோபமினாகத்தான் மாறுகிறது. 1967இல் நியூயோர்க்கில் கொட்சியாஸ் அதிக அளவில் வாயால் கொடுத்துக் காட்டினார். 2000இல் கார்ல்சனுக்கு நோபல் பரிசு. இதைக் கேட்டுவிட்டு நாளைக்குப் பூனைக்காலித் தூள் வாங்கப் புறக்கோட்டைக்குப் போகாதீர்கள். ஒரு கரண்டித் தூளில் மருந்து எவ்வளவு என்று யாராலும் சொல்லமுடியாது.

கடைசியாக ஓர் அம்மாவின் சீஆர் கொப்பி. கணவர் ஓய்வுபெற்ற கணக்காளர். வங்கியொன்றில் அவருடைய காசோலை திரும்பிவந்தது, கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். வரவர எழுத்து எறும்பாய்ச் சிறுத்திருந்தது. அதற்கும் இரண்டு வருடம் முன்பே தாளிக்கிற மணம் தனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார். நித்திரையில் காலால் உதைத்தும் இருக்கிறார். இவையெல்லாம் நடுக்குவாதத்தின் அடையாளங்கள். எல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை.

கணவருக்கு லெவோடோபாக் குளிசை தொடங்கிய பிறகு அந்த அம்மா கொப்பியில் நேரம் எழுதத் தொடங்கினார். “1.00 குளிசை. 1.10 சோறு, மீன், பருப்பு. 2.30 வரைக்கும் எழும்ப ஏலாது.” “12.15 குளிசை. 1.00 சோறு. நல்லா நடந்தார்.” புரதமும் லெவோடோபாவும் குடலில் ஒரே வாசலால் உள்ளே போக முண்டியடிப்பவை. அதைப் படித்துத் தெரிந்துகொண்டவன் நான். அவர் மத்தியானச் சாப்பாட்டில் கண்டுபிடித்துவிட்டார்.

போன தடவை வந்தபோது குசினி வாசலில் கணவருடைய கால் நிலத்தோடு ஒட்டிவிடுகிறது என்றார். இந்த நோயில் அது வழமை. ஒடுங்கிய வாசல் கண்டால் கால் உறைந்துபோகும். என்ன செய்யலாம் என்று நான் சொல்ல வாயெடுக்க, “சிவப்பு ரேப் ஒட்டிப்போட்டன் டொக்டர். நிலத்தில அடிக்கு ஒண்டு. கோட்டைத் தாண்டித் தாண்டிப் போறார்” என்றார்.

உங்களுக்கு யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன்.

“ஒருத்தரும் இல்லை. படி ஏறேக்க அவருக்குக் கால் ஒட்டுறேல்லை, அதைப் பாத்தன்.”