பழைய பெயர்ப்பலகையைக் கழற்றுங்கள்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

‘முதுமையில் நிம்மதி தருவது பழைய அடையாளத்தைக் காப்பதா, புதியதைத் தேடுவதா?’ இதுதான் தலைப்பு. எதிரணி ஐயா, “தலைமையாசிரியராக இருந்தவர் சாகும்வரை தலைமையாசிரியர்தான்” என்றார். கைதட்டல் பலமாகத்தான் விழுந்தது. சரி ஐயா, வீட்டிலும் அப்படியே இருந்தால் அந்த அம்மா பாவம் இல்லையா? காபி தாமதமானால் மெமோ கொடுப்பாரே!

தமிழக அரசு ஓய்வு வயதை 2020-இல் 59 ஆக்கியது; அடுத்த ஆண்டே 60. ஓர் அரசாணையில் ஒரு வருடம் நீள்கிற, ஒரே மாலையில் சால்வையோடு முடிந்துபோகிற பதவியைப் போய் ‘நான்’ என்று நம்புவதா?

மாறாதது கைரேகை என்று முழங்கினார் எதிரணி அம்மா. ஓய்வூதியத்துக்காக வாழ்நாள் சான்று கொடுக்கப் போன பெரியவர்களைக் கேளுங்கள் அம்மா. வயதாக ஆக ரேகை தேய்கிறது. கட்டைவிரலைத் துடைத்துத் துடைத்து வைத்தாலும் ‘பொருந்தவில்லை’ என்கிறது இயந்திரம். உயிரோடு எதிரே நிற்கிறார், நம்ப மறுக்கிறது! 2021-இல் மத்திய அரசு, முகத்தைக் காட்டினாலும் போதும் என்று வசதி செய்தது. நரைத்த, சுருங்கிய, இன்றைய முகத்தை.

அப்புறம் புறநானூறு. மருதமரக் கிளையேறி மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிக் காட்டிய இளமை எங்கே போனது என்று ஏங்கும் 243-ஆம் பாட்டை எதிரணி எடுத்தது. கண்கலங்க வைக்கிற பாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் பாடியவர் யார்? தொடித்தலை விழுத்தண்டினார். பாட்டில் வரும் ‘தொடித்தலை விழுத்தண்டு’, அதாவது பூண் போட்ட தடி, அதுவே அவர் பெயராகிவிட்டது; சொந்தப் பெயர் நமக்குத் தெரியாது. அந்தத் தடியை ஊன்றி, நடுங்கி, இருமலுக்கு இடையே நாலு சொல் பேசும் கிழவராகத்தான் இரண்டாயிரம் ஆண்டாக நம்மோடு இருக்கிறார். குதித்த பையனாக அல்ல!

“அப்படியானால் கற்ற வித்தையையும் விடவா?” என்பீர்கள். வேண்டாம். பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைன் எண்பது வயதுக்கு மேலும் மேடையேறினார். வாசிக்கும் உருப்படிகளைக் குறைத்தார். அவற்றையே கூடுதலாகப் பயின்றார். வேகமான பகுதிக்கு முன்னால் கொஞ்சம் நிதானித்தார், அடுத்து வருவது வேகமாகத் தெரியட்டும் என்று. பழைய வாலிபன் நான்தான் என்று அடம்பிடித்திருந்தால் எப்போதோ மேடையை விட்டு இறங்கியிருப்பார்.

இதற்கும் எதிரணி ஒரு பதில் வைத்திருக்கும், தெரியும். நடுவர் மணியை அழுத்திவிட்டார். உட்காருகிறேன், நன்றி.