பழைய மாத்திரையைக் கைவிட ஏன் அத்தனை தயக்கம்?

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூரில் மலேரியா ஒழிந்துவிட்டதென்று உலகச் சுகாதார நிறுவனம் 1982இல் சான்றளித்தது. டெங்கி என்றால் பதறுகிற நாம் மலேரியாவை மறந்தே போனோம். ஆனாலும் வெளிநாடு போய் வருகிறவர்களோடு அது அவ்வப்போது வந்து இறங்கத்தான் செய்கிறது.

ஒரு மருந்து தோற்றுப்போன பிறகும் சில நாடுகள் அதையே ஏன் கொடுத்துக்கொண்டிருந்தன? அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

பழைய மலேரியா மருந்தான குளோரோகுயினுக்கு அடங்காத மலேரியாக் கிருமி 1950களின் இறுதியிலேயே தாய்லாந்து-கம்போடியா எல்லையில் தலைகாட்டியது. இருபது ஆண்டுகளில் கிழக்கு ஆப்பிரிக்காவையும் எட்டியது. ஆப்பிரிக்காவில் முதலில் அந்த மருந்தைக் கைவிட்ட நாடு மலாவி, 1993இல். (கைவிட்டதில் ஒரு வேடிக்கை: சில ஆண்டுகளில் அடங்காத கிருமிகள் அங்கே அருகி, குளோரோகுயின் மறுபடியும் பலிக்கத் தொடங்கியது.) பிற நாடுகள் பல, மேலும் பத்தாண்டு தள்ளிப்போட்டன.

அறியாமை என்று சொல்லிவிடாதீர்கள். ஒருவருக்கான குளோரோகுயின் அப்போது ஏறத்தாழ பத்து அமெரிக்கக் காசு. அதற்கு மாற்றாக வந்த, ஆர்ட்டிமிசினினோடு வேறொரு மருந்தையும் சேர்த்த கூட்டு மருந்தோ பெரியவருக்கு இரண்டு டாலருக்கு மேல். 2001இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. பணத்தை யார் கொடுப்பது? பலிக்காத மருந்துக்கு நிதி கொடுக்கலாமா என்று 2004இல் ஆய்வாளர்கள் பகிரங்கமாகவே கேட்டார்கள். பிறகுதான் நன்கொடைப் பணம் புது மருந்தின் பக்கம் திரும்பியது. உடனே தட்டுப்பாடு! ஆர்ட்டிமிசினின் ஒரு செடியிலிருந்து எடுப்பது. விதைத்து, அறுத்து, காயவைத்து, பிரித்தெடுத்து மாத்திரையாக்க ஓராண்டுக்கு மேலாகும். அமைச்சு ஆணையிட்டதும் செடி முளைத்துவிடுமா?

கூட்டு மருந்தில் பரவலான ஒரு வகையின் மாத்திரை அட்டையையும் பாருங்கள். பெரியவருக்கு வேளைக்கு நான்காக, மூன்று நாளில் 24 மாத்திரைகள். கொழுப்புள்ள உணவோடு விழுங்கினால்தான் நன்றாக உடம்பில் சேரும். இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிவிடும். மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துவைக்கத் தோன்றும். இதையெல்லாம் கிராமத்துத் தாதியர் ஒவ்வொருவருக்கும் கற்றுக்கொடுக்காத கொள்கை மாற்றம் காகிதத்தோடு சரி.

இப்போது அதே கதை வேறொரு மருந்தில். வைவாக்ஸ் வகை மலேரியாக் கிருமி கல்லீரலில் பதுங்கி, மாதங்கள் கழித்தும் காய்ச்சலைக் கிளப்பும். அதை வேரறுக்க, 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டஃபெனோகுயின் என்ற மருந்து ஒரே வேளை போதும். ஆனால் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்குக் கொடுத்தால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். சிங்கப்பூரில் 1965 முதலே, பிறந்த குழந்தைக்கே இந்த நொதி குறைவா என்ற சோதனையைச் செய்துவிடுகிறார்கள். மலேரியா மலிந்த பல கிராமங்களில் அந்தச் சோதனைக் கருவி இல்லை. என்னைக் கேட்டால், மருந்துக்கு முன்னால் அந்தக் கருவியைத்தான் கொள்முதல் பட்டியலில் எழுத வேண்டும்.