ஏற்றத்தில் ஓடினால் பாரம் எங்கே போகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

வடசென்னையின் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி எல்லாம் கடலோரச் சமவெளி. இங்கே ஓட்டப் பயிற்சி செய்கிறவர்களுக்கு ஏற்றம் வேண்டுமென்றால் மேம்பாலம்தான் கதி. அதிலும் லாரிகளுக்கு நடுவே ஓட வேண்டும். அதனால் பலர் உடற்பயிற்சிக் கூடத்தில் டிரெட்மில்லின் சாய்வைக் கூட்டி ஓடுகிறார்கள். இயன்முறை மருத்துவரான என்னிடம் அவர்கள் கேட்பது: "மேடேறி ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடாதா?"

சமதளத்தில் ஓடும்போது, ஒவ்வொரு அடியிலும் நம் எடையைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு விசை தரையிலிருந்து காலுக்கு ஏறுகிறது. குதிகாலை முதலில் ஊன்றுகிறவர்களுக்கு, பாதம் பட்ட கணத்திலேயே கூர்மையான ஓர் அதிர்வும் உண்டு. கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விசையை அளக்கும் டிரெட்மில்லையே சாய்த்துவைத்து, மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவைத்து இதை அளந்தார்கள். 2005-ல் வெளியான முடிவு இது: 9 டிகிரி இறக்கத்தில் அந்த அதிர்வு 54 சதவீதம் கூடியது, 9 டிகிரி ஏற்றத்தில் அது இல்லாமலே போனது. டிரெட்மில் திரையில் 9 டிகிரி என்பது ஏறக்குறைய 16 சதவீதச் சாய்வு. பல கருவிகள் 15-க்கு மேல் போவதில்லை.

மலையில் ஏறினால் இறங்கியாக வேண்டும். டிரெட்மில்லில் இறங்க வேண்டியதில்லை என்பது பெரிய வசதி.

ஆனால் பாரம் மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. அதே ஆய்வில், உடலை முன்னே உந்தும் விசை ஏற்றத்தில் 75 சதவீதம் கூடியது. அந்த உந்துதலில் கணிசமான பங்கு கெண்டைக்கால் தசையையும், அதைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணையும் சேர்ந்தது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது, குதிகாலுக்குச் சற்று மேலே விறைப்பு இருக்கிறதா? அந்த நாணை இரண்டு விரலால் மெதுவாகக் கிள்ளிப் பாருங்கள். வலித்தால் சாய்வு வேண்டாம். முதலில் அதற்கு வைத்தியம் பாருங்கள்.

வலி இல்லாதவர்கள் 2, 3 சதவீதத்தில் தொடங்கி, வேகத்தைக் குறைத்து, வாரக்கணக்கில் மெல்லக் கூட்டலாம். ஏற்றத்தில் மூச்சும் நாடித்துடிப்பும் சட்டென ஏறும். இதய நோய், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கைப்பிடியை இறுகப் பிடித்துப் பின்னால் சாய்ந்துகொண்டு 12 சதவீதத்தில் போகிறவர்களையும் பார்க்கிறேன். அப்படிச் செய்தால் எடையில் ஒரு பங்கைக் கைகள் தாங்கிக்கொள்ளும். சாய்வின் பயன் கால்களுக்குச் சேராது. கையை விட்டு ஓட முடிகிற சாய்வு எதுவோ, அதுவே இன்றைக்கு உங்களுக்குரியது.