மேற்பார்வையாளரிடம் சொல்லப்படாதவை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். உளவள ஆலோசகர்களுக்குப் பயிற்சி அளிப்பதிலும் அவர்களுடைய பணியை மேற்பார்வையிடுவதிலும் பல ஆண்டுகளாக ஈடுபட்டு வருகிறேன். ஆலோசகர், ஆசிரியர், அலுவலகப் பணியாளர் ஆகிய மூவருக்கும் நல்ல மேற்பார்வை எப்படி அமைய வேண்டும் என்பது பற்றி இன்று பேச அழைத்திருக்கிறார்கள். இந்தத் தொழிலில் நான் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்ட ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

என்னிடம் பயிற்சிக்கு வந்திருந்த இளம் ஆலோசகர் ஒருவரை வாரம் ஒரு மணி நேரம் சந்தித்து வந்தேன். "எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது?" என்று நான் கேட்பேன்; "நன்றாகப் போகிறது" என்று அவர் சொல்வார். ஆறு வாரங்கள் இப்படியே கழிந்தன. ஏழாவது வாரம், ஆலோசனைக்கு வருபவரின் எழுத்துபூர்வமான சம்மதத்துடன் பதிவு செய்யப்பட்ட ஓர் அமர்வை இருவரும் சேர்ந்து கேட்டோம். பதினோராவது நிமிடத்தில் அந்த மனிதர் தணிந்த குரலில், "சில நாள் இருந்துதான் என்ன பயன் என்று தோன்றுகிறது" என்றார். ஆலோசகர் ஒரு கணம் தயங்கிவிட்டு, "உங்கள் வேலை எப்படி இருக்கிறது?" என்று பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

பதிவை நிறுத்தினேன். அவர் முகம் வெளுத்திருந்தது. "அதைப் பற்றிக் கேட்டால் அடுத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் சொன்னால் தகுதியில்லாதவர் என்று என் மதிப்பீட்டில் எழுதிவிடுவீர்களோ என்று பயமாக இருந்தது" என்றார். முதல் வேலையாக அந்த மனிதரைத் தொடர்புகொண்டு, அவர் பாதுகாப்பாக இருக்கிறாரா என்பதை அன்றே உறுதி செய்துகொண்டோம். தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை ஒருவர் மனதில் விதைத்துவிடாது என்பதையும், எந்தச் சொற்களில் எப்படிக் கேட்பது என்பதையும் அதன் பிறகு நெடுநேரம் பேசிப் பயிற்சி செய்தோம். ஆனால் அன்று இரவு என்னை உறங்கவிடாதது அவருடைய தவறு அல்ல. ஆறு வாரங்களாக என் அறைக்கு வந்து போனவருக்கு, தன் தடுமாற்றத்தைச் சொல்ல ஒருமுறைகூட நான் இடம் தந்திருக்கவில்லை என்பதுதான்.

இது என் அறையில் மட்டும் நடந்ததன்று என்பது பின்னர் தெரிந்தது. பயிற்சியில் இருந்த சிகிச்சையாளர்களிடம் நிக்கோலஸ் லடானியும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் நடத்தி 1996இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ எல்லோருமே மேற்பார்வையாளரிடம் எதையாவது மறைத்ததாகக் கூறியிருந்தார்கள். அவர்கள் மறைத்தவற்றில் தங்கள் தொழில்முறைத் தவறுகளும் இருந்தன. மேற்பார்வையாளர் மீதே இருந்த மனக்குறைகளும் இருந்தன. ஆகவே மேற்பார்வையாளரின் முன்னே வந்து சேருவது பணியின் ஒரு பகுதி மட்டுமே. அதிலும் பெரும்பாலும் நல்ல பகுதிதான் வந்து சேருகிறது.

மனநலத் துறையில் மேற்பார்வை என்பது ஒரு முறையான பயிற்சியாக வளர்ந்ததற்கு, 1920இல் பெர்லினில் தொடங்கப்பட்ட உளப்பகுப்பாய்வு மருத்துவமனையும் அதை நடத்தியவர்களுள் ஒருவரான மேக்ஸ் ஐட்டிங்கனும் முக்கியக் காரணம். அங்கே பயிற்சி பெறுபவர் அமர்வில் நடந்ததை நினைவிலிருந்து சொல்ல, மூத்தவர் கேட்டு வழிநடத்தினார். நினைவோ நமக்குச் சாதகமானதையே எடுத்துக் கொடுக்கும் இயல்புடையது. 1940களில் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் அமர்வுகளை ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியபோதுதான், ஆலோசகர் தான் சொன்னதாக நினைப்பதையும் உண்மையில் சொன்னதையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிந்தது.

ஆனால் பதிவு மட்டும் இருந்தால் போதாது. அதை யார் நிறுத்துகிறார் என்பதும் முக்கியம். 1960களில் நார்மன் கேகன் உருவாக்கிய முறையில் நிறுத்தும் உரிமை பயிற்சி பெறுபவரிடமே இருக்கும். எந்த இடத்தில் மனம் உறுத்துகிறதோ அங்கே அவரே நிறுத்தி, அந்தக் கணத்தில் தன் மனதில் என்ன ஓடியது என்று சொல்வார். உடன் இருப்பவர் தீர்ப்புச் சொல்லாமல் கேள்வி மட்டுமே கேட்பார். நான் அன்று பதிவை நிறுத்தியது என் கையால். இன்று அந்தப் பொத்தானைப் பயிற்சி பெறுபவர் பக்கம் நகர்த்தி வைத்துவிடுகிறேன். இந்தச் சிறு மாற்றத்தால் எவ்வளவு பேச்சு வெளியே வருகிறது என்பதை அனுபவித்தவர்கள்தாம் அறிவார்கள்.

ஆசிரியர்களின் நிலையும் இதைப் போன்றதே. வகுப்பின் கடைசி வரிசையில் குறிப்பேட்டுடன் ஒருவர் வந்து உட்கார்ந்ததும், அன்று நடக்கும் பாடம் வழக்கமான பாடமாக இராது. ஹார்வர்டில் மோரிஸ் கோகனும் ராபர்ட் கோல்டுஹாமரும் வகுத்த முறையில், வகுப்பைப் பார்ப்பதற்கு முன்பே ஆசிரியருடன் ஒரு சந்திப்பு நடக்கும்; எதைக் கவனிக்க வேண்டும் என்பதை ஆசிரியரும் சேர்ந்து முடிவு செய்வார். பிறகு வகுப்பு, பார்த்தவற்றைப் பகுத்தறிதல், ஆசிரியருடன் உரையாடல், கடைசியாக மேற்பார்வையாளர் தன் பணியையே பரிசீலித்துக்கொள்வது என்று அது நீளும். ஐந்தாவதான இந்தக் கடைசிப் படி நடைமுறையில் பெரும்பாலும் கைவிடப்படுகிறது; என்னைக் கேட்டால், அதை விட்டுவிட்டு மற்ற நான்கையும் செய்வதில் பாதிப் பயன்கூட இல்லை.

வகுப்பில் எதைக் குறித்துக்கொள்வது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவுதான் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ 1970களில் எழுதினார். அதை மூன்று வினாடியாக்கினாலே மாணவர்களின் பதில்கள் நீளமாகின்றன. தாமாகப் பேசுபவர்களும் கூடுகிறார்கள். "உங்கள் வகுப்பில் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை" என்று சொன்னால் ஆசிரியர் தற்காப்புக்குத்தான் முனைவார். "நீங்கள் பன்னிரண்டு கேள்விகள் கேட்டீர்கள், ஒன்பதில் ஒரு வினாடிக்குள் நீங்களே பதிலைத் தொடங்கிவிட்டீர்கள்" என்று குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினால், இருவரும் சேர்ந்து பார்க்க ஒரு பொருள் கிடைத்துவிடுகிறது.

அலுவலகங்களுக்கு வந்தால், ஒருவருடைய வேலையைப் பற்றிக் கருத்துச் சொன்னாலே பணி மேம்படும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. க்ளூகர், டெநிசி ஆகிய இரு ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் வெளியிட்டபோது, சராசரியாக முன்னேற்றம் தெரிந்தாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் கருத்துச் சொன்ன பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு ஆள் மீது திரும்பும்போது பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். "அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் கூட்டுத்தொகை சரிபார்க்கப்படவில்லை" என்பது வேலையைப் பற்றியது. "உங்களுக்குப் பொறுப்பே இல்லை" என்ற சொல்லைக் காதில் வாங்கியவர் அந்தக் கூட்டுத்தொகையைத் திருத்துவதற்கு முன், தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார்.

மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மன்ட்சன், நன்றாக நடத்தப்பட்ட குழுக்களில் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருப்பதைக் கண்டு முதலில் திகைத்தார். அந்தக் குழுக்களில் தவறைத் துணிந்து சொல்ல முடிந்தது என்பதே அதற்குக் காரணம் என்று பின்னர் விளங்கியது. பிழையே இல்லை என்று மாதாமாதம் அறிக்கை தரும் பிரிவைப் பாராட்டும் மேலாளர்கள் இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டுமென்று விரும்புகிறேன்.

மேற்பார்வையாளருக்கும் வழிகாட்டிக்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். மேற்பார்வையாளர் மதிப்பிடுபவர், அந்த அதிகாரத்தை இல்லாததுபோல் பாவிப்பது நேர்மையன்று. எந்த அளவுகோலில் மதிப்பிடப் போகிறோம், சொல்லப்படுவதில் எது இரகசியமாக இருக்கும், எதை மேலே தெரிவித்தே ஆக வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே எழுத்தில் தந்துவிடலாம். மதிப்பீட்டுக்கு ஒரு நாள், கற்றலுக்கு வேறு ஒரு நாள் என்று பிரித்து வைப்பதும் உதவும். வழிகாட்டியோ பெரும்பாலும் மதிப்பெண் போடும் இடத்தில் இல்லாதவர். தொழிலில் முன்னேற உதவுவது, மனதுக்குத் துணை நிற்பது என்று அந்த உறவின் இரண்டு பக்கங்களை 1980களில் கேத்தி கிராம் விளக்கினார். கடைசியில் பிரிவும், அதன் பின் சமமானவர்களாக மறுபடி சந்திப்பதும் அந்த உறவின் இயல்பான கட்டங்கள் என்றும் அவர் காட்டினார்.

அந்த ஏழாவது வாரத்துக்குப் பிறகு என் பழக்கங்களில் சிலவற்றை மாற்றிக்கொண்டேன். புதிதாக வருபவரிடம், தொடக்க காலத்தில் நான் தவறவிட்ட ஓர் இடத்தைப் பற்றி முதலில் நானே சொல்கிறேன். "எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது?" என்ற கேள்வியை அடியோடு விட்டுவிட்டேன். "இந்த வாரம் எந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றீர்கள்?" என்று கேட்கிறேன். முதல் சில வாரங்களில் பதில் வர ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகிவிடுகிறது. அந்த நிமிடத்தை என் பேச்சால் நிரப்பாமல் காத்திருக்கிறேன்.

வணக்கம்.